வாயக்காவுக்கு யார் படிப்பது

எங்கள் ஆபீசுக்கு வந்துபோனவர்களில் வாயக்காவின் மேல் கை ஓங்காதவர்கள் குறைவு. ஓர் அம்மா அவருடைய மணிக்கட்டைக் கடித்தார். நாங்கள் பிடித்து இழுப்பதற்குள் ரத்தம் வந்துவிட்டது. மீசை முளைத்துச் சில வருஷமே ஆன ஒருவன் மேசையைத் தாண்டி வந்து கழுத்தை நெரித்தான். நானும் டீ கொண்டுவந்தவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தும் அவன் விரல்கள் விடவில்லை. கடைசியில் நான் அவன் காதைப் பிடித்துத் திருகித்தான் விடவைத்தேன். அக்காவின் இடது புருவத்துக்கு மேல் இருக்கிற தழும்பு ஒரு ஸ்டீல் டம்ளர் செய்த வேலை. "என்னையா அடிச்சாங்க? என் வாய்ல இருந்தவன அடிச்சாங்க" என்பார், பஞ்சை அழுத்திக்கொண்டே. எனக்கு வருகிற ஆத்திரத்தில் பாதிகூட அவருக்கு வராது.

ஆபீஸ் என்று நாங்கள்தான் சொல்லிக்கொள்கிறோம். பெயர்ப்பலகையில் நீளமாக ஏதோ எழுதியிருக்கும். ஊரில் எல்லாருக்கும் அது 'கதை ஆபீஸ்'. சண்டைக் காலத்தில் யாருக்கு என்ன நடந்தது, யார் என்ன செய்தார்கள் என்று சொல்ல வருகிறவர்களின் குரலைப் பதிந்து, எழுத்தாக்கி, பத்திரப்படுத்தி வைப்பது எங்கள் வேலை. ஆற்றுக்கு இந்தக் கரைக்காரர்களும் அந்தக் கரைக்காரர்களும் ஒருவரை ஒருவர் வெட்டி, சுட்டு, எரித்துத் தள்ளிய காலம் அது. ஏன் என்று கேட்டால் இரண்டு கரையிலும் ஒரு காரணம் தயாராக வைத்திருப்பார்கள். எனக்கு இரண்டும் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது.

கட்டடம் முன்பு பல் ஆஸ்பத்திரி. பல் பிடுங்குகிற நாற்காலியைத் தரையோடு சேர்த்து முடுக்கியிருந்ததால் கழற்ற முடியவில்லை. பதிவு அறையின் நடுவில் அது இன்னும் மல்லாந்து கிடக்கிறது. சொல்ல வருகிறவர்கள் அதைப் பார்த்ததும், "இதுலயா உக்காரணும்?" என்று கேட்காமல் இருந்ததில்லை. "இங்க எதையும் பிடுங்குறதில்ல, நீங்களா சொன்னாப் போதும்" என்பேன். சிலர் சிரிப்பார்கள். சிரித்த பிறகுதான் மைக்கை மாட்டுவேன். கேள்வி கேட்பதும் நான்தான், பதிவுக் கருவியை இயக்குவதும் நான்தான். அதனால் என் பேர் 'பட்டன்'.

எங்களுக்கு முன்னால் வேறு சிலர் இதே வேலைக்கு வந்தார்கள். சொன்னதையெல்லாம் வாங்கிக்கொண்டு போய், தங்களுக்கு வேண்டியபடி வெட்டி ஒட்டி அச்சடித்தார்கள். ஒரு தையல்காரரை, அவர் சொல்லாத வார்த்தைகளுக்காக, கடைக்குள் வைத்துப் பூட்டி எரித்தார்கள். தையல் மெஷினின் இரும்புச் சக்கரம்தான் முழுசாகக் கிடைத்தது. அதற்கப்புறம் எவன் வாயைத் திறப்பான்? ஆகவே நாங்கள் ஒரு முறை வைத்தோம். சொன்னதை அப்படியே எழுதி, சொன்னவருக்கே திரும்பப் படித்துக் காட்டுவோம். வேண்டாததை நீக்கலாம், விட்டதைச் சேர்க்கலாம். எல்லாம் முடிந்து அவர் வாயால் "சரி" என்று சொல்ல வேண்டும். அந்தச் "சரி"யும் பதிவாகும். அதன் பிறகுதான் அது ஊருக்குச் சொந்தம். "சரி" வரவில்லையென்றால் பதிவை அவர் கண்முன்னாலேயே அழித்துவிடுவோம். கேட்டதாகவே காட்டிக்கொள்ளக் கூடாது. இந்த நம்பிக்கையில்தான் இரண்டு கரையிலிருந்தும் ஆட்கள் படியேறி வந்தார்கள்.

படிக்கும்போது 'நான்' என்றுதான் படிக்க வேண்டும். ஆரம்பத்தில் 'அவர் போனார், அவர் செய்தார்' என்று படித்துப் பார்த்தோம். கொலை செய்தவன்கூட, அடுத்த வீட்டு வம்பைக் கேட்பதுபோலத் தலையாட்டிக்கொண்டிருந்தான். 'நான்' என்று படித்ததும் முகம் மாறிவிட்டது. செத்தவர்களின் வீட்டார் கேட்க விரும்பினால் அவர்களுக்கும் 'நான்'தான், ஒரு எழுத்து மாறாது. "நான் அந்தப் பொண்ண முடியைப் பிடிச்சு ஆத்து வரைக்கும் இழுத்துட்டுப் போனேன்" என்று பெற்றவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்து எத்தனை பேரால் படிக்க முடியும்? படிப்பதற்கென்று முதலில் வேலைக்கு வைத்தவர் பாதியிலேயே அழுதுவிட்டார். அடுத்து வந்தவர் செய்தி வாசிப்பதுபோல ஏற்ற இறக்கத்தோடு படித்தார். கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து கன்னத்தில் ஒன்று விட்டார், மத்தியானமே ராஜினாமா. அப்புறம்தான் வாயக்கா வந்தார்.

அக்கா அதற்கு முன் பஸ் ஸ்டாண்டில் மைக்கில் அறிவிப்பு செய்துகொண்டிருந்தவர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்தப் பிளாட்பாரம் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். சண்டைக் காலத்தில் ஒரு காலை, கூட்டம் நிரம்பி வழிகிற நேரத்தில், துப்பாக்கிகளோடு ஒரு கும்பல் உள்ளே புகுந்தது. டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றவர்கள் வரிசையாகவே விழுந்தார்கள். பஸ்ஸுக்கு அடியில் ஊர்ந்தவர்களைக் காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டுச் சுட்டார்கள். அக்கா கூண்டுக் கதவைத் தாழிட்டுக்கொண்டு சத்தம் காட்டாமல் இருந்திருக்கலாம். அவரோ மைக்கை இழுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்து, தலையை மட்டும் தூக்கிப் பார்த்துப் பார்த்து, வண்டி வருவதைச் சொல்கிற அதே குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். "மூணாவது பிளாட்பாரத்துக்கு யாரும் வராதீங்க, அங்க சுடுறாங்க. கழிப்பறைக்குப் பின்னால சுவர் இடிஞ்சிருக்கு, அது வழியா வெளிய போயிடுங்க. குழந்தைங்கள முதல்ல தூக்கிப் போடுங்க." கும்பலுக்கும் காது இருக்கிறதே. கண்ணாடி சுக்குநூறாகி அவர் முதுகெல்லாம் குத்தியது. ஒரு தோட்டா மைக் ஸ்டாண்டையே வளைத்துவிட்டது.

"தடங்கலுக்கு வருந்துகிறோம்னு சொல்லலையாக்கா?" என்று ஒருமுறை கிண்டல் செய்தேன்.

"சொல்லத்தான் வந்தேன். கரண்ட் போயிடுச்சு" என்றார்.

அந்தக் குரல்தான் எங்களுக்குக் கிடைத்தது. அழாது, மிரட்டாது, உபதேசம் பண்ணாது. வேலை முடிந்தால் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதனாலேயே 'வாய்' என்று பேர் வைத்தோம், அது வாயக்கா ஆனது. வீட்டாருக்குப் படிக்கப் போகும் முன் ஒரு பழக்கம் வைத்திருந்தார். கேட்கப் போகிறவரின் கைக்கு எட்டுகிற தூரத்தில் இரும்பு, கண்ணாடி, கட்டை எதுவும் இல்லாமல் எடுத்து ஒதுக்குவார். டம்ளர் கொடுத்த பாடம். ஆபீசில் பல் நாற்காலியை மட்டும் ஒதுக்க முடியாது. அது அவரவர் தலையெழுத்து.

அவருடைய கணவர் கரண்ட் ஆபீசில் லைன்மேன். பஸ் ஸ்டாண்டு சம்பவம் நடந்து கொஞ்ச நாளில், ஆஸ்பத்திரிக்குப் போகிற லைன் அறுந்துவிட்டது என்று தகவல் வந்து, அதைச் சரிசெய்ய ஆற்றைத் தாண்டிப் போனார். அவருடைய அம்மா, அதாவது அக்காவின் மாமியார், அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில்தான் வேலை பார்த்தார். அன்றைக்கு அங்கேதான் இருந்தார். விளக்கு கொஞ்ச நேரம் எரிந்து மறுபடி அணைந்ததைப் பார்த்தவர் அவர். மகன் திரும்பவேயில்லை.

அத்தையும் மருமகளும் பிணங்கள் கிடந்த இடத்துக்கெல்லாம் போனார்கள். பள்ளிக்கூட வராந்தாவில், மீன் மார்க்கெட்டில், ஆற்று மணலில், துணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். மகனுக்கு முன்பல் ஒன்று உடைந்திருக்கும். முகம் எரிந்துபோனவர்களின் உதட்டை அத்தை விரலால் விலக்கிப் பல்லைப் பார்த்தாராம். ஒன்றும் கிடைக்கவில்லை. வருஷங்கள் ஓடிய பிறகும் அத்தை மகன் செத்தான் என்று யாரையும் சொல்ல விடவில்லை. "உடம்பக் கண்ணால பாக்காம நான் எப்படி நம்புறது?" என்பார். துவைத்து மடித்த அவனுடைய சட்டைகளை அடிக்கடி எடுத்து மறுபடி துவைப்பார்.

அக்கா கதை ஆபீசுக்கு வந்ததே அதற்குத்தான். வெளியே சொல்லிக்கொண்டதில்லை. என்றாவது ஒருநாள் யாராவது ஒருத்தர் வாயிலிருந்து அந்த இடம் வரும், அத்தையைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம் என்று காத்திருந்தார். அதுவரை அடுத்த வீட்டுப் பிணங்களைப் படித்துக்கொண்டிருந்தார்.

அது எடை மேடைக்காரர் வாயிலிருந்து வந்தது. லாரிகளை ஏற்றி நிறுத்திப் பாரம் பார்க்கிற மேடையில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். முதல் தடவை வந்தபோது பல் நாற்காலியைப் பார்த்துவிட்டு அப்படியே இறங்கிப் போய்விட்டார். அக்கா வேறொரு வீட்டில் படித்ததை எப்போதோ வெளியே நின்று கேட்டிருக்கிறார் போல. ஆளனுப்பினார்: "அந்த மேடம் படிக்கிறதா இருந்தா வரேன். வேற யாரும் படிச்சா எந்திரிச்சுப் போயிடுவேன்." வந்தார், சொன்னார், நான் பதிந்தேன். குண்டு வெடித்ததில் வலது காது போனவர். எதிரில் உட்கார்ந்து நான் கத்திக் கத்திக் கேள்வி கேட்டேன். எத்தனையோ கொலைகளைக் கேட்ட என் காதுக்கு அதுவும் ஒரு கொலையாகத்தான் பட்டது; அக்கா வீட்டுக்காரர் லைன்மேன் என்பது ஞாபகத்துக்கே வரவில்லை.

மறுநாள் அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதை எழுத உட்கார்ந்தார். ஓரிடத்தில் நிறுத்தினார். பின்னால் ஓட்டி மறுபடி கேட்டார். மறுபடி ஓட்டினார். ஒலி தெளிவாக இல்லையோ என்று நான் எழுந்து போனேன்.

"தம்பி, கம்பத்துல ஏறினவன் பெல்ட்டுல நீலப்பட்டை வச்சுத் தச்சிருந்துச்சுன்னு சொல்றாரு" என்றார்.

"ஆமாக்கா. அதுக்கென்ன?"

"அது நான் தச்சது. பழைய ஸ்கூல் பை வாரு."

"இடம் சொல்லியிருக்காரேக்கா. மரக்கடை பக்கத்துல இருக்கிற எடை மேடை. வாங்க, இப்பவே கடப்பாரையோட போவோம்" என்றேன்.

"அவர் இன்னும் சரின்னு சொல்லல."

"சொல்லாட்டி?"

"அழிக்கணும்."

"அழிப்பீங்களா நீங்க?"

"அழிப்பேன். ஒண்ணத் திருடினோம்னு தெரிஞ்சா அப்புறம் எவன் படியேறி வருவான்? எங்க அத்தை மாதிரி எத்தன வீட்டுல உக்காந்திருக்காங்க, உனக்குத் தெரியாதா?" குரல் உயரவே இல்லை. "நான்தான் படிக்கணும்னு கேட்டிருக்காரு. நான் யாருன்னு என் முகத்துல தெரிஞ்சுடக் கூடாது. தெரிஞ்சா அந்த இடத்த எடுத்துடச் சொல்லிடுவாரு. அவ்வளவுதான்."

அன்றைக்கு எனக்கு எங்கள் முறையின் மேல் வந்த வெறுப்பைச் சொல்லி மாளாது. அதை வகுக்க உட்கார்ந்த கூட்டத்தில் நானும் கை தூக்கியவன்தான். தூக்கிய கையை உடைத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

எடை மேடைக்காரர் படித்துக் கேட்க வந்த நாள், அக்கா வழக்கம்போல மேசையை ஒழித்தார். அவர் பக்கம் இருந்த பேப்பர்வெயிட்டை எடுத்தார். அதோடு நிற்கவில்லை. தன் பக்கம் இருந்த கத்தரிக்கோலையும் எடுத்து என் கையில் கொடுத்தார். அது என் சட்டைப்பையில் இருந்த நேரம் முழுக்க எனக்கும் என் கையை நம்ப முடியவில்லை.

கேட்கிற காது இடது காது என்பதால் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அக்காவின் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுவந்து வைத்தார். நரைத்த மயிர் அடர்ந்த காது. அக்கா அதற்குள் படிக்க ஆரம்பித்தார்.

"அதுக்கு முந்தின வாரம் எங்க கரைல விழுந்த குண்டுல என் தம்பி ரெண்டா கிழிஞ்சுபோனான். இடுப்புக்கு மேல ஒரு இடத்துல எடுத்தோம், கீழ ஒரு இடத்துல எடுத்தோம். கரண்ட் கம்பத்துல ஒருத்தன் ஏறியிருக்கான், விளக்கப் போட்டு அணைச்சு குண்டு போடுறவங்களுக்கு அடையாளம் காட்டுறான்னு சொன்னாங்க. நாங்க கொஞ்சப் பேர் போனோம். இறங்குடான்னோம். ஆஸ்பத்திரி லைன் போச்சுங்க, உள்ள ஆபரேஷன் நடக்குது, முடிச்சிட்டு இறங்குறேன்னான். இறங்கினான். பாதி இறங்கும்போதே ஒருத்தன் காலைப் பிடிச்சு இழுத்தான். இடுப்பு பெல்ட் கம்பத்துல மாட்டியிருந்துச்சு. அதுல நீலப்பட்டை வச்சுத் தச்சிருந்தாங்க, எவ்வளவு இழுத்தும் அது அறுகல. அவன் அதுலயே தலைகீழாத் தொங்கினான். தொங்கவிட்டே அடிச்சோம். நான் கையில இருந்த இரும்புக் கம்பியால முழங்கால்ல அடிச்சேன். எலும்பு தெரிஞ்சுது. அப்புறம் தலைல ஓங்கி அடிச்சேன்."

அக்கா பக்கத்தைத் திருப்பினார். நான் கருவியின் மேல் வைத்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"பெல்ட்ட அறுத்து இறக்கினோம். அவன் செத்துட்டான். மரக்கடைக்குப் பக்கத்துல இருக்கிற எடை மேடைக்கு அடியில, குழிக்குத் தரை போடுற வேலை நடந்துட்டிருந்துச்சு. அந்தக் குழியில போட்டு மேல கான்கிரீட் ஊத்தினோம்."

எடை மேடைக்காரர் கையைத் தூக்கினார். "நிறுத்துங்க மேடம்."

தொலைந்தது என்று நினைத்தேன்.

"செத்துட்டான்னு நான் சொன்னது பொய்" என்றார். "அத மாத்தணும்."

"என்ன எழுதணும் ஐயா?" அக்கா பேனாவைத் திறந்தார்.

"அவன் அப்ப சாகல. குழிக்குள்ள போட்டப்ப முழிச்சுக்கிட்டான். கான்கிரீட் கலக்கிட்டிருக்கோம், கீழேர்ந்து சத்தம் வருது. ரோட்டுல ஆள் நடமாட்டம். நான் பக்கத்துல நின்ன லாரிய ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின உறும விட்டேன். குழி நிரம்புற வரைக்கும் ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுக்கல."

யாராவது பேசியதாகச் சாட்சி சொன்னால், என்ன பேசினார் என்று கேட்க வேண்டும். அதுவும் எங்கள் முறை. கேட்காமல் விட்டுவிடுங்கள் அக்கா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"என்ன சத்தம் ஐயா? ஏதாவது சொன்னானா?"

"அம்மா அம்மான்னு கூப்பிட்டான். வேற ஒண்ணும் இல்ல." அவர் தன் கேட்காத காதைத் தேய்த்தார். "இதுல ஒண்ணும் கேக்காதும்பாங்க டாக்டருங்க. அந்த எஞ்சின் சத்தம் இதுலதான் ஓடுது."

அக்கா ஓரத்தில் எழுதினார். எழுதியதை முறைப்படி 'நான்' என்று திரும்பப் படித்தார். "நான் காலை எடுக்கல" என்று தன் கணவனைப் புதைத்த வார்த்தையைத் தன் வாயால் சொன்னார். "இது சரியா ஐயா?"

அவர் பல் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த எடம் இருக்கே... மரக்கடை பக்கத்துல எடை மேடைங்கிறது. எம் பையன் இப்ப அங்கதான் வேலைக்கு இருக்கான். அத மட்டும் எடுத்துடலாமா?" என்றார்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. ஆனால் இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

"எடுக்கலாம் ஐயா. உங்க இஷ்டம்." அக்கா பேனா முனையை அந்த வரியின் முதல் எழுத்தின்மேல் கொண்டுபோய் வைத்தார். "எடுத்துடவா?"

மூன்றாவது பிளாட்பாரத்தில் வண்டி நிற்கிறது என்று சொல்கிற அதே குரல். பேனா முனையிலிருந்து மை கசிந்து ஒரு புள்ளி பெரிதாகிக்கொண்டே வந்தது. எடை மேடைக்காரர் அந்தப் புள்ளியைப் பார்த்தார்.

"வேணாம்" என்றார். "இருக்கட்டும். சரி."

அந்தச் "சரி" பதிவானதும் நான் பட்டனை அமுக்கி நிறுத்தினேன். அவர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். "அவன் ஆளுங்க யாராவது உசுரோட இருந்தா அவங்களுக்கும் படிப்பீங்கல்ல மேடம்? நீங்களே படிங்க. உங்க குரல்ல கேட்டா கொஞ்சம் தாங்குவாங்க."

"படிக்கிறேன் ஐயா" என்றார் அக்கா.

மாடிப்படி வரை அவரைக் கொண்டுபோய் விடுவது என் வேலை. அவருடைய கேட்காத காதுப் பக்கம் நான் நடந்தேன். ஒரு தள்ளு தள்ளினால் போதும், பழைய மொசைக் படிகள், மண்டை கீழே போய்த்தான் நிற்கும். தள்ள வேண்டும் என்று ஆசையாக இருந்தது. இப்போதும் அந்த ஆசை போகவில்லை. "பாத்து இறங்குங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அறைக்குள் அக்கா தண்ணீர் குடித்துவிட்டு, "அடுத்தது யாரு, வரச் சொல்லு" என்றார். அடுத்து வந்தவருக்கும் படித்தார்.

மண்ணைத் தோண்டுவதற்கு முன் வீட்டாருக்குப் படிக்க வேண்டும். மறுநாள் காலை கருவியோடு அக்கா வீட்டுக்குப் போனேன். சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை, ஒரு சமையலிடம், துணி காய்கிற கம்பி. அத்தை கட்டிலில் உட்கார்ந்து சட்டை மடித்துக்கொண்டிருந்தார். அக்கா இஸ்திரிப் பெட்டியை எடுத்து உள்ளே வைத்தார். டம்ளரை எடுத்தார். அத்தையின் கைத்தடியை எடுத்துக் கதவுக்குப் பின்னால் சாத்தினார்.

"என்னம்மா, வீட்டைக் காலி பண்றியா?" என்ற அத்தை, என் கையில் கருவியைப் பார்த்தார். அக்கா கையில் காகிதத்தைப் பார்த்தார். மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டார். "ஓகோ" என்றார். "சரி, படி."

அக்கா எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. தொண்டையைச் செருமிவிட்டு மறுபடி திறந்தார். வெறும் காற்று வந்தது. தோட்டாவுக்கு நிற்காத குரல், கழுத்தை நெரித்த மறுநாளும் வேலைக்கு வந்த குரல், அது எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. பயந்துபோய் என்னைப் பார்த்தார். நான் படிக்கிறேன் என்று கையை நீட்டினேன்.

"நீ உன் பட்டனப் பாருப்பா" என்ற அத்தை, எட்டிக் காகிதத்தை வாங்கிக்கொண்டார்.

"வேணாம் அத்தை." அது மட்டும் வந்தது.

"ஊருக்கெல்லாம் நீ படிச்ச. உனக்கு யாரு படிப்பா? உக்காரு."

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆஸ்பத்திரித் துணி மூட்டையில் இருக்கிற வார்டு எண்ணைப் படிப்பதற்காகக் கற்றுக்கொண்ட படிப்பு. ஒவ்வொரு வார்த்தையையும் சத்தமாகச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார். ஆபரேஷன் என்ற இடத்தில் நின்றார். "அன்னைக்கு ரெண்டு ஆபரேஷன். ரெண்டு பேரும் பொழைக்கல" என்று தனக்குள் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். நீலப்பட்டை. தலைகீழாத் தொங்கினான். முழங்கால். எலும்பு.

"அப்புறம்... நான்... தலைல... ஓங்கி... அடிச்சேன்."

அக்காவின் கை எப்போது கிளம்பியது என்று நான் பார்க்கவில்லை. சத்தம்தான் கேட்டது. கண்ணாடி பறந்து சுவரில் மோதி விழுந்தது. அத்தையின் முகம் ஒரு பக்கமாகத் திரும்பி நின்றது. கன்னத்தில் நான்கு விரலும் பதிந்திருந்தன. இத்தனை வருஷம் இத்தனை பேரிடம் வாங்கியதையெல்லாம் சேர்த்து வைத்து அடித்த அடி அது. கருவியில் சத்தத்தின் அளவைக் காட்டுகிற ஊசி கடைசி வரை போய்த் திரும்பியது. அக்கா தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு நின்றார், அது யாருடையதோ என்பதுபோல.

அத்தை மெதுவாகத் தலையைத் திருப்பினார். "ஆச்சா? இன்னும் இருக்கா?" என்றார். "இருந்தா அடி. இல்லாட்டி அந்தக் கண்ணாடிய எடுத்துக் குடு."

அக்கா கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது. அத்தை அதைப் புடவையில் துடைத்து மாட்டிக்கொண்டு, விட்ட இடத்தை விரலால் தேடினார். அடுத்து ஓரத்தில் கையால் எழுதியிருந்த பகுதி. அக்கா பாய்ந்து காகிதத்தைப் பிடித்தார். "அத்தை, அது வேணாம். அத மட்டும் வேணாம்." அத்தை விடவில்லை. துணி பிழிந்து பிழிந்து உரமேறிய கை. அக்கா இழுக்க இழுக்க, காகிதம் கிழியாமல் பிடித்துக்கொண்டே படித்தார்.

"அவன்... அப்ப... சாகல. குழிக்குள்ளேர்ந்து... அம்மா... அம்மான்னு... கூப்பிட்டான்."

நிறுத்தினார்.

"என்னப்பா" என்றார். உள்ளே வேலையாக இருக்கும்போது வாசலிலிருந்து மகன் கூப்பிட்டால் எப்படிக் கேட்பாரோ அப்படி. பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்போலத் தெரிந்தது. பிறகு லாரி எஞ்சினையும் கான்கிரீட்டையும் எழுத்து விடாமல் படித்து முடித்தார். அக்கா தரையில் உட்கார்ந்து அத்தையின் மடியில் முகத்தை வைத்துக் கத்தினார். அந்தக் குரலில் ஏற்றமும் இறக்கமும் எல்லாம் இருந்தன. நான் பட்டனை அமுக்கிப் பதிவை நிறுத்தினேன். முறைப்படி அது தப்பு. இருக்கட்டும்.

தோண்டுவதற்கு அனுமதி, ஆள், அதிகாரி என்று நிறைய இருக்கிறது, சில நாள் ஆகும் என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார். கதவுக்குப் பின்னாலிருந்த கைத்தடியைக்கூட எடுக்கவில்லை. நாங்கள் பின்னால் ஓடினோம். பாலத்தைத் தாண்டி, மரக்கடைச் சந்து வழியாக, யாரிடமும் வழி கேட்காமல் போனார்.

எடை மேடையின்மேல் மரம் ஏற்றிய லாரி ஒன்று எஞ்சின் ஓட நின்றுகொண்டிருந்தது. கண்ணாடி அறைக்குள் ஓர் இளைஞன் குனிந்து பாரத்தைக் குறித்துக்கொண்டிருந்தான். நரை விழாத அதே காது. அத்தை மேடையில் ஏறி, லாரிக் கதவை உள்ளங்கையால் அடித்தார். டிரைவர் தலையை நீட்டினார்.

"என்னம்மா?"

"வண்டிய எடுப்பா" என்றார் அத்தை. "கீழ எம் புள்ள இருக்கான்."